புதிய நிக்கல் படிவைப் பழைய சுரங்கங்களோடு ஒப்பிட்டு எடைபோடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1969 செப்டம்பரில் பொசைடன் என்ற சின்ன ஆஸ்திரேலிய நிறுவனத்தின் பங்கு சுமார் 80 சென்ட். மேற்கு ஆஸ்திரேலியாவில் விண்டாரா என்ற இடத்தில் துளை போட்டதில் நிக்கல் கிடைத்தது என்ற செய்தி கசிந்தது. அடுத்த பிப்ரவரியில் அதே பங்கு 280 டாலர். மூன்று ஆண்டுக்கு முன்னால்தான், 1966இல், அதே மாநிலத்தில் கம்பால்டா என்ற வளமான நிக்கல் படிவு கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆகவே விண்டாராவும் ஒரு கம்பால்டாதான் என்று சந்தை முடிவுகட்டிவிட்டது. தாதுவின் தரம் முதலில் நினைத்ததைவிடக் குறைவு என்பது பிறகு தெரிந்தது. சுரங்கம் ஓடத் தொடங்கியபோது விலையும் கைகொடுக்கவில்லை. 1976இல் நிறுவனம் கடனில் மூழ்கியது.

துளை அறிக்கைகளில் இன்றும் "அடுத்த கம்பால்டா", "அடுத்த வாய்சிஸ் பே" (இது கனடாவின் பேர்பெற்ற நிக்கல் படிவு) வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒப்பிடுவது தவறில்லை. ஒரு புதிய படிவைப் பற்றி ஆரம்பத்தில் நம் கையில் இருப்பது பத்துப் பதினைந்து துளைகளின் முடிவும் ஒரு வரைபடமும்தான். மீதியைப் பழைய இடங்களைப் பார்த்துத்தான் ஊகிக்க முடியும். எதோடு ஒப்பிடுகிறோம், எந்த அளவுகோலில் ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சிக்கல். ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

படி 1: சல்ஃபைடா, லேட்டரைட்டா?

நிக்கல் தாதுவில் இரண்டு பெரிய குடும்பங்கள். முதலாவது சல்ஃபைடு. ஆழத்திலிருந்து மேலே ஏறும் பாறைக்குழம்பில் கந்தகம் தாங்கமுடியாத அளவு சேர்ந்துவிட்டால், தண்ணீரிலிருந்து எண்ணெய் பிரிவதுபோல் சல்ஃபைடு துளிகள் தனியே பிரியும். அவை நிக்கல், செம்பு, கோபால்ட், பிளாட்டினம், பல்லேடியம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு, கனம் தாங்காமல் அடியில் போய்த் தங்கும். இரண்டாவது லேட்டரைட், அதாவது செம்பூராங்கல் வகை. மெக்னீசியம் மிகுந்த பாறை வெப்பமண்டல மழையில் லட்சக்கணக்கான ஆண்டுகள் மக்கி, கரைவன கரைந்துபோக, நிக்கல் மண்ணில் செறிந்து நிற்பது. உலகின் நிக்கல் வளத்தில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகை.

இரண்டிலும் "1% நிக்கல்" என்று எழுதியிருந்தாலும் பொருள் ஒன்றல்ல. சல்ஃபைடு தாதுவை அரைத்து, நுரையில் மிதக்கவிட்டு, பத்து சதவீதத்தை ஒட்டியோ தாண்டியோ நிக்கல் உள்ள அடர்தாதுவாக மாற்றலாம். உருக்காலைக்குப் போவது அந்தச் சிறு பங்கு மட்டுமே. லேட்டரைட்டில் நிக்கல் மண்ணோடு மண்ணாகக் கலந்து கிடப்பதால் மிதக்கவைக்க வழியில்லை. தோண்டிய ஒவ்வொரு டன்னையும் சூடாக்கியோ அமிலத்தில் கரைத்தோதான் ஆகவேண்டும். ஆகவே கனடாவின் சல்ஃபைடு சுரங்கம் ஒன்றையும் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் உள்ள லேட்டரைட் மேடு ஒன்றையும் தர எண்ணை மட்டும் வைத்து ஒரே அட்டவணையில் போடாதீர்கள். அப்படிப் போட்ட அறிக்கை கண்ணில் பட்டால், எழுதியவருக்குத் தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறார்.

படி 2: ஒப்பீட்டுக் கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே குடும்பத்துக்குள்ளும் கிளைகள் உண்டு. சல்ஃபைடில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

கனடாவின் சட்பரி, 185 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளம். 1883இல் ரயில் பாதைக்காகப் பாறை உடைத்தபோது தாது வெளிப்பட்டது. ரஷ்யாவின் நோரில்ஸ்க், சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவையே மூடிய எரிமலைக் குழம்பின் அடிக்குழாய்களில் உருவானது, பல்லேடியத்துக்கும் பேர்போனது. இரண்டும் தலா நூறு கோடி டன்னுக்கு மேல் தாது கொண்டவை. இரண்டையும் ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுவது நல்லது. விண்கல் உண்டாக்கிய நிக்கல் வட்டாரம் என்று உலகத்துக்கே தெரிந்தது சட்பரி ஒன்றுதான். ஒரே ஒரு பிள்ளை உள்ள வீட்டில் சராசரி எடுக்க முடியாது.

கம்பால்டா வேறு வகை. 270 கோடி ஆண்டுகளுக்கு முன், கோமாட்டியைட் என்ற கொதிக்கும் எரிமலைக் குழம்பு ஆறுபோல் ஓடி, தன் படுகையையே உருக்கி அரித்த இடம். மொத்தம் சுமார் 6.7 கோடி டன் தாது, சராசரி 2.9% நிக்கல் என்று எண்கள் அழகாக இருக்கும். அது ஒரே படிவு கிடையாது. நீண்டு ஒடுங்கிய பல தாதுக் கூறுகளின் கூட்டுத்தொகை. பல கூறுகள் சில லட்சம் டன்னிலிருந்து சில மில்லியன் டன்னுக்குள் முடிந்துவிடும். அதே மாநிலத்தின் மவுண்ட் கீத் கோமாட்டியைட் குடும்பமே என்றாலும் அங்கே சல்ஃபைடு பொட்டுப்பொட்டாகச் சிதறியிருக்கிறது: 47 கோடி டன்னுக்கு மேல், தரம் வெறும் 0.6%. வாய்சிஸ் பே, சீனாவின் ஜின்ச்சுவான், மேற்கு ஆஸ்திரேலியாவின் நோவா போன்றவை குழம்பு ஏறிய குழாய்களிலும் அறைகளிலும் தங்கியவை.

ஆகவே புதிய படிவின் பாறை எது, தாது திரளாக இருக்கிறதா சிதறலாக இருக்கிறதா என்று பார்த்து, அதே கிளையில் குறைந்தது ஏழெட்டு இடங்களை எடுங்கள். அவற்றில் மூடப்பட்டவையும் ஒருபோதும் திறக்கப்படாதவையும் இருந்தே தீரவேண்டும். தான்சானியாவின் கபங்கா நல்ல உதாரணம். 1970களிலேயே தெரிந்த படிவு, தரமும் 2 சதவீதத்தைத் தாண்டியது, ஆனாலும் பல பத்தாண்டுகள் சுரங்கமாகாமலே கிடந்தது. வட்டாரத்தின் மூத்த பிள்ளையை மட்டும் காட்டிப் பெண் கேட்பதுபோல்தான் பெரும்பாலான நிறுவன அறிக்கைகள் பேசும். நீங்கள் நடுப்பிள்ளையைத் தேடுங்கள்: தாதுவின் அளவில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது எதுவோ, புதிய படிவுக்கு முதல் ஊகம் அதுதான்.

படி 3: எல்லா எண்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள்

நேரத்தை அதிகம் கேட்கும் படி இது. அவசரப்பட வேண்டாம்.

முதலில் துளை நீளம். "20 மீட்டரில் 1.2% நிக்கல், அதில் 3 மீட்டர் 4%" என்று ஓர் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 × 1.2 = 24. அந்த 3 மீட்டர் மட்டும் 3 × 4 = 12. மீதி 17 மீட்டருக்கு எஞ்சுவதும் 12தான், வகுத்தால் 0.7%. ஆக இது மூன்று மீட்டர் நல்ல தாதுவும் அதைச் சுற்றிப் பதினேழு மீட்டர் சுமாரான பாறையும். நிலத்தடிச் சுரங்கத்தில் அந்த 0.7% கட்டுப்படியாகாமல் போனால் கையில் நிற்பது மூன்று மீட்டர்தான். அதுவும் துளை சாய்வாகப் போயிருந்தால் உண்மையான தடிமன் இன்னும் குறையும்.

அடுத்து கட்-ஆஃப், அதாவது எந்தத் தரத்துக்குக் கீழே உள்ளதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது. 0.3% கட்-ஆஃபில் சொன்ன டன் கணக்கையும் 1% கட்-ஆஃபில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது. ஆஸ்திரேலியாவின் ஜார்க், கனடாவின் என்ஐ 43-101 போன்ற அறிக்கை விதிகளின்படி எழுதியிருந்தால் இது எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும். வளம் எந்த வகுப்பில் வருகிறது என்பதையும் அங்கேயே பாருங்கள். ஊகித்த வளத்தை அளந்த வளத்தோடு கூட்டி ஒரே எண்ணாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, சல்ஃபைடுக்கே உரிய ஒரு கணக்கு: பாறையை நீக்கிவிட்டு, சல்ஃபைடை மட்டும் நூறு பங்காக எடுத்தால் அதில் நிக்கல் எவ்வளவு? தோராயமாக, நிக்கல் சதவீதத்தை 37ஆல் பெருக்கிக் கந்தகச் சதவீதத்தால் வகுத்தால் போதும். ஒரு துளையில் 0.8% நிக்கல், 6% கந்தகம்: விடை சுமார் 5. இன்னொன்றில் அதே 0.8% நிக்கல், 2.5% கந்தகம்: விடை ஏறக்குறைய 12. முதல் இடத்தில் எவ்வளவு திரளான சல்ஃபைடு கிடைத்தாலும் தரம் 5 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கும், அதுதான் கூரை. இரண்டாவதில் கூரை உயரம். வாய்சிஸ் பேயின் திரள் தாதுவில் இந்த எண் 4ஐ ஒட்டி இருக்கும், கம்பால்டாவில் 10ஐத் தாண்டும். வட்டாரங்களை ஒப்பிட இதைவிட நேர்மையான ஓர் எண்ணை நான் பார்த்ததில்லை.

இதே கணக்கு ஒரு பொறியையும் காட்டிக்கொடுக்கும். 0.25% நிக்கல், 0.1% கந்தகம் என்று ஒரு முடிவு வந்தால் விடை 92. நிக்கலின் முதன்மைச் சல்ஃபைடான பென்ட்லண்டைட்டிலேயே மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் நிக்கல் உண்டு. 92 சாத்தியமே இல்லை. அப்படியானால் நிக்கல் சல்ஃபைடில் இல்லை, பெரும்பாலும் ஆலிவின் என்ற சாதாரணக் கனிமத்துக்குள் பூட்டிக்கிடக்கிறது. இந்த வகைப் பாறையில் 0.2 முதல் 0.3% நிக்கல் எங்கும் இருக்கும். நூறு மீட்டர் நீளத்துக்கு அது கிடைத்தது என்பது செய்தியே இல்லை. விதிவிலக்கு உண்டு: கனடாவின் டுமான்ட், க்ராஃபோர்ட் போன்ற இடங்களில் பாறை நீரேறி மாறியபோது ஆலிவினுக்குள் இருந்த நிக்கலில் ஒரு பகுதி வேறு கனிமங்களாக வெளிவந்திருக்கிறது. அதற்குக் கனிமவியல் சோதனை முடிவைக் கேளுங்கள், வாய்ச்சொல் போதாது.

லேட்டரைட்டில் பொறி வேறு: ஈரம். ஆரம்பத்தில் நானே ஒரு விரிதாளில் இதில் விழுந்திருக்கிறேன். கணக்கு இப்படி. 2 சதுர கிலோமீட்டர், 8 மீட்டர் தடிமன், ஆக 1.6 கோடி கன மீட்டர். ஈர மண்ணின் அடர்த்தி 1.7 என்று பெருக்கினால் 2.72 கோடி டன். 1.1% தரத்தில் நிக்கல் சுமார் 3 லட்சம் டன். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் தரம் அளந்தது உலர்ந்த மாதிரியில். மண்ணிலோ 35% தண்ணீர். உலர் எடை 1.77 கோடி டன், நிக்கல் 1.95 லட்சம் டன். மூன்றில் ஒரு பங்கு ஆவியாகிப்போனது. அன்றிலிருந்து எந்த லேட்டரைட் எண்ணைப் பார்த்தாலும் முதலில் "ஈரமா, உலர்ந்ததா" என்றுதான் கேட்கிறேன்.

படி 4: தரத்தையும் டன்னையும் வரைபடத்தில் இடுங்கள்

கிடை அச்சில் தாதுவின் டன், செங்குத்து அச்சில் தரம். இரண்டும் பத்து, நூறு, ஆயிரம் என்று பெருகும் மடக்கை அளவில். உங்கள் கூட்டத்தின் எல்லா இடங்களையும் புள்ளியாக வையுங்கள். புதிய படிவைப் புள்ளியாக வைக்காதீர்கள், கட்டமாக வையுங்கள்: இப்போது நிரூபித்திருப்பது இடது ஓரம், நிலவியல் அனுமதிக்கும் அதிகபட்சம் வலது ஓரம். கட்டத்துக்குள் நடுப்பிள்ளை விழுகிறதா? கட்டம் முழுக்க அதற்கு இடப்பக்கமே நின்றால், தனிச் சுரங்கமாக நிற்காது. பக்கத்தில் ஏற்கெனவே ஆலை வைத்திருப்பவருக்கு விற்பதுதான் வழி. கம்பால்டாவின் பல சின்னக் கூறுகள் அப்படித்தான் பிழைத்தன.

படி 5: குழாய், கந்தகம், பொறி

சல்ஃபைடு வட்டாரங்களில் மீண்டும் மீண்டும் தென்படும் அடையாளங்கள் சில. கந்தகம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்திருக்கும்: நோரில்ஸ்கில் குழம்பு கந்தகம் நிறைந்த உப்புப் படிவங்களை ஊடுருவியது, வாய்சிஸ் பேயில் கந்தகம் கொண்ட பழைய உருமாறிய பாறையை, கம்பால்டாவில் கடலடி வண்டலை. ஆகவே புதிய இடத்தில் பக்கத்துப் பாறை என்ன என்று கேளுங்கள். சுற்றிலும் வெறும் கிரானைட் என்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம். அடுத்து, குழம்பு ஒருமுறை வந்து உறைந்ததா, நெடுங்காலம் ஓடிய பாதையா? ஓடிய பாதையில்தான் சல்ஃபைடு பெரிய அளவில் உலோகம் சேர்க்கும். நோரில்ஸ்கின் மேலே உள்ள சில எரிமலை அடுக்குகளில் நிக்கலும் செம்பும் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருக்கின்றன. கீழே யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அது சொல்கிறது. எடுத்தது கீழே தங்கிய சல்ஃபைடு.

மின்காந்த ஆய்வு திரள் சல்ஃபைடை நன்றாகக் காட்டும். கிராஃபைட்டையும் அதே அழகோடு காட்டும். மேற்பரப்பு மண்ணில் நிக்கல் மட்டும் உயர்ந்திருந்தால் அது வெறும் லேட்டரைட் செறிவாக இருக்கலாம். கூடவே செம்பும் பல்லேடியமும் உயர்ந்திருந்தால்தான் கீழே சல்ஃபைடு இருக்கும் என்று நம்ப இடமுண்டு.

லேட்டரைட்டுக்குக் கேள்விகள் எளிது: அடிப்பாறை எது, மழை எவ்வளவு, சரிவு எவ்வளவு. செங்குத்துச் சரிவில் மண் தங்காது, தட்டையில் நீர் வடியாது.

படி 6: பிரித்தெடுக்க முடியுமா?

நல்ல படிவு பலவும் விழுவது இங்கேதான். லேட்டரைட் வெட்டுமுகத்தை மேலிருந்து கீழே பாருங்கள். மேலே இரும்பு மிகுந்த சிவப்பு, மஞ்சள் மண், லிமோனைட்: நிக்கல் 1% சொச்சம், கோபால்ட் கொஞ்சம், மெக்னீசியம் குறைவு. கீழே பாதி மக்கிய பச்சைப் பாறை, சாப்ரோலைட்: நிக்கல் 2 சதவீதத்தை ஒட்டியும் மேலும், மெக்னீசியம் ஏராளம். மேல் அடுக்கு அமிலத்துக்கு ஏற்றது. சுமார் 250 டிகிரி செல்சியஸில், உயரழுத்தக் கலனில், ஒரு டன் தாதுவுக்கு இருநூறு, முந்நூறு கிலோ கந்தக அமிலம் ஊற்றிக் கரைப்பார்கள். மெக்னீசியம் அந்த அமிலத்தைக் குடித்துவிடும் என்பதால் கீழ் அடுக்கு அதற்கு ஆகாது. அது மின் உலைக்குப் போகும். ஆகவே "சராசரித் தரம் 1.5%" என்று இரண்டு அடுக்கையும் கலந்து சொன்ன எண்ணால் உங்களுக்குப் பயன் இல்லை. அடுக்குவாரியாகக் கேளுங்கள்.

அமில முறையில் அடிபட்டவர்கள் பலர். க்யூபாவின் மோவாவில் 1959இலிருந்தே இந்த முறை இருக்கிறது. அதைப் பார்த்து 1990களின் இறுதியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் கட்டிய மூன்று ஆலைகளில் காஸ், புலாங் இரண்டும் நிலைக்கவில்லை. முரின் முரின் தட்டுத்தடுமாறி நின்றது. ஒரே முறை, ஆனால் மண் வேறு, தண்ணீரின் உப்பு வேறு. அதே மாநிலத்தின் ரேவன்ஸ்தோர்ப்பில் பிஎச்பி என்ற பெரிய சுரங்க நிறுவனம் 200 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் போட்டு 2008இல் திறந்து, 2009 ஜனவரியில் மூடி, பிறகு 34 கோடி டாலருக்கு விற்றது.

சல்ஃபைடில் கேட்க வேண்டியது: மிதப்பு முறையில் எவ்வளவு நிக்கல் மீள்கிறது, அடர்தாதுவில் ஆர்செனிக் எவ்வளவு, மெக்னீசியத்தோடு ஒப்பிட்டால் இரும்பு எவ்வளவு. இவை சரியில்லை என்றால் உருக்காலை விலையைக் குறைக்கும் அல்லது வாங்கவே வாங்காது. வாங்கினாலும் உள்ளிருக்கும் நிக்கல் முழுவதுக்கும் காசு வராது. தரத்தை மீட்பு விகிதத்தாலும் பிறகு கொடுபடும் விகிதத்தாலும் பெருக்கி வரும் எண்ணையே வட்டாரங்களுக்கிடையே ஒப்பிடுங்கள்.

படி 7: தரைக்கு மேலே என்ன இருக்கிறது

வாய்சிஸ் பேயை 1993இல் வைரம் தேடிப்போன இருவர் கண்டுபிடித்தார்கள். 1996இல் இன்கோ நிறுவனம் அதை 430 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. உற்பத்தி தொடங்கியது 2005இல். தாதுவை மாகாணத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்ற அரசின் பிடிவாதமும், அந்நிலத்தின் இன்னு, இனுயிட் மக்களோடான ஒப்பந்தங்களும் முடிய அத்தனை காலம் ஆனது. மாறாக நோவா 2012இல் கண்டுபிடித்து 2016இல் ஓடியது. உங்கள் அட்டவணையில் "கண்டுபிடித்த ஆண்டு, முதல் உற்பத்தி ஆண்டு" என்று ஒரு பத்தி கட்டாயம் வையுங்கள். பத்து ஆண்டுத் தாமதம் எந்தத் தரத்தையும் தின்றுவிடும்.

மின்சாரம், துறைமுகம், கழிவு மண்ணைக் கொட்ட இடம் இவற்றையும் அதே வட்டாரத்தின் அனுபவத்திலிருந்தே எடுக்கலாம். கனமழையும் நிலநடுக்கமும் உள்ள தீவில் அமில ஆலைக் கழிவை எங்கே அடுக்குவது என்பது தனிக் கேள்வி. 2020 மே மாதம் நோரில்ஸ்கில் ஒரு தொட்டி இடிந்து சுமார் 20,000 டன் டீசல் கொட்டியது. உறைநிலம் இளகியதே காரணம் என்று நிறுவனம் சொன்னது. தொட்டியைப் பராமரிக்கவில்லை என்றார்கள் ஆய்வு செய்த அதிகாரிகள். உறைநிலத்தில் படிவு பார்ப்பவர்கள் இரண்டையுமே செலவுக் கணக்கில் ஏற்றவேண்டும்.

படி 8: விலைக்கோட்டில் உங்கள் இடம்

2020 ஜனவரியில் இந்தோனேசியா நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடைசெய்தது. ஆலைகள் மொரோவாலிக்கும் வெடா பேக்கும் வந்து குவிந்தன. சில ஆண்டுகளில் உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் அங்கிருந்தே வரத் தொடங்கியது. இடையில் 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் விலை டன்னுக்கு 1,00,000 டாலரைத் தாண்டி, வணிகத்தையே நிறுத்திவைத்தார்கள். அந்த விலையை யாரும் திட்டக் கணக்கில் போடவில்லை என்று நம்புவோம். 2024இல் விலை பெரும்பாலும் 20,000 டாலருக்குக் கீழே தங்கிவிட, நியூ கலிடோனியாவின் கோனியாம்போ உலை அணைந்தது, பிஎச்பி தன் மேற்கு ஆஸ்திரேலிய நிக்கல் தொழிலையே நிறுத்திவைத்தது. மவுண்ட் கீத்தும் அதில் அடக்கம்.

ஆகவே 2010இல் லாபம் பார்த்த ஒரு சுரங்கத்தின் தரத்தை இன்றைய படிவுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். உங்கள் கூட்டத்தில் 2024ஐத் தாண்டி ஓடியவை எவை, நின்றவை எவை என்று குறியுங்கள். ஓடியவற்றுக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாவது இருக்கும்: மலிவான உழைப்பும் மின்சாரமும், மிக உயர்ந்த தரம், அல்லது செம்பும் பல்லேடியமும் தரும் உபரி வருமானம். உங்கள் படிவில் எது இருக்கிறது?

படி 9: ஒரு பக்கத்தில் எழுதுங்கள், அடுத்த துளைக்கு முன்பே

மூன்று வரி போதும். நடுப்பிள்ளையைப் போல் ஆக என்னென்ன நடக்கவேண்டும். மூத்த பிள்ளை ஆக இன்னும் என்னென்ன. எந்த முடிவு வந்தால் கைகழுவுவேன். மூன்றாவது வரியில் எண் இருக்கவேண்டும். உதாரணமாக, "பாதையின் கீழ்ச்சரிவில் 200 மீட்டர் தள்ளிப் போடும் இரண்டு துளைகளிலும் சல்ஃபைடில் நிக்கல் 4 சதவீதத்துக்குக் கீழே, தடிமன் 2 மீட்டருக்குக் கீழே வந்தால் நிறுத்தம்." தேதி போட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள். முடிவு வந்தபிறகு எழுதினால் எண் தானாக இளகிக்கொடுக்கும்.